குதிரைக்குப் பழம் கொடுக்கும் முன்



இந்த மாதப் பாடம் குதிரையைப் பற்றியது. "நம் வீட்டில் குதிரை இல்லையே, நமக்கெதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். மாப்பிள்ளை ஊர்வலத்தில் குதிரையைப் பார்க்கிறோம். மெரினா கடற்கரைக்கோ ஊட்டிக்கோ கொடைக்கானல் ஏரிக்கரைக்கோ போனால் பிள்ளைகள் முதலில் ஓடுவது குதிரையிடம்தான். கையில் வாழைப்பழம் இருந்தால் அதன் வாயில் வைத்துவிட்டுச் சிரிக்கிறோம். அன்போடுதான் செய்கிறோம். ஆனால் அந்த அன்பு ஒரு குதிரையைச் சாகும் நிலை வரை கொண்டுபோகக் கூடும் என்பதை நாங்களே நேரில் பார்த்தோம். தவறு செய்தவர்களும் நாங்கள்தான். அதனால் முதலில் அதைச் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வருகிறோம்.

நடந்தது என்ன?

ஒரு ரமளானின் கடைசிப் பத்து நாட்களில் நம் டிரஸ்ட் சார்பில் இஃப்தார் ஏற்பாடு செய்திருந்தோம். எதிர்பார்த்ததைவிடக் குறைவான பேரே வந்தார்கள். நோன்புக் கஞ்சியை அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்து அனுப்பிவிட்டோம். பழங்கள் மட்டும் மிஞ்சின. கனிந்த வாழைப்பழம், கொட்டையோடு பேரீச்சம்பழம், வெட்டி வைத்த தர்பூசணி, சர்க்கரை போட்டுப் பிசைந்த பழக்கலவை என்று இரண்டு வாளி நிறைய இருந்தது. குப்பையில் கொட்ட மனம் வரவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு சகோதரர் ஊர்வலத்துக்குக் குதிரை வைத்திருக்கிறார். "வாயில்லா ஜீவன் சாப்பிடட்டும்" என்று நம் இளைஞர்கள் இருவர் வாளிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். உரிமையாளர் தராவீஹ் தொழுகைக்குப் போயிருந்தார். குதிரை ஆவலோடு தின்றது. இரண்டு வாளியும் காலியானது. நன்மை செய்துவிட்டோம் என்ற நிறைவோடு அவர்கள் திரும்பினார்கள்.

தொழுகை முடிந்து வந்த உரிமையாளர் பார்த்தபோது குதிரை முன்னங்காலால் தரையைப் பறித்துக்கொண்டிருந்தது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது. படுத்தது, எழுந்தது, மறுபடியும் படுத்தது. உடம்பெல்லாம் வியர்வை. அவர் பதறிப்போய்க் கால்நடை மருத்துவரை அழைத்தார். மருத்துவர் வந்து மூக்கு வழியாக வயிறு வரை குழாய் விட்டு, உள்ளே இருந்ததை வெளியேற்றி, ஊசி போட்டார். ஸஹர் நேரம் வரை தெருவே விழித்திருந்தது. பஜ்ருக்குப் பாங்கு சொல்லும் சமயத்தில்தான் குதிரை சாணம் போட்டது. அல்ஹம்துலில்லாஹ், உயிர் பிழைத்தது.

எங்கள் இளைஞர்களில் ஒருவர் தயங்கித் தயங்கி மருத்துவரிடம் கேட்டார்: "பழம் நல்லதுதானே டாக்டர்?"

"பழத்துல விஷம் எதுவும் இல்ல தம்பி. ஆனா ஒரே நேரத்துல இவ்வளவு கொடுத்தா இது தாங்காது. இதுக்கு வாந்தி எடுக்கவும் வராது. இன்னும் மூணு நாளைக்குக் குளம்பைப் பார்த்துக்கிட்டே இருங்க" என்றார் அவர்.

உயிர் பிழைத்ததோடு விஷயம் முடியவில்லை. பெருநாள் கழிந்த கையோடு நடக்க இருந்த மூன்று கல்யாண ஊர்வலங்களுக்கு அந்தச் சகோதரர் முன்பணம் வாங்கியிருந்தார். குதிரைக்கு ஓய்வு வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டதால் மூன்றையும் திருப்பிக் கொடுத்தார். ஐந்து பேர் உள்ள குடும்பம், அந்த ஒரு குதிரையின் வருமானத்தில் ஓடுவது. எங்கள் முகத்தைப் பார்த்து அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "தெரியாமத்தானே செஞ்சீங்க, விடுங்க" என்றார். மருத்துவச் செலவையும், அவர் இழந்த வருமானத்தையும் டிரஸ்ட் பொறுப்பாளர்கள் தங்கள் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்தோம். பொதுமக்கள் கொடுத்த நிதியை எங்கள் தவறுக்குப் பயன்படுத்துவது முறையில்லை என்று முடிவெடுத்தோம்.

தெரியாமல் செய்தோம் என்பது உண்மை. ஆனால் தெரிந்துகொள்ள முடியாத விஷயமல்ல இது. அன்றிலிருந்து கேட்டும் படித்தும் அறிந்ததை இங்கே தருகிறோம்.

குதிரையின் வயிறு, மாட்டின் வயிறு அல்ல

நம் ஊரில் பலர் செய்யும் தவறு, மாட்டையும் குதிரையையும் ஒன்றாக நினைப்பது. இரண்டும் புல் தின்கின்றன. ஆனால் உள்ளே அமைப்பு வேறு.

மாட்டின் வயிறு நான்கு அறைகள் கொண்டது. தின்றதை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடும். குதிரைக்கு ஒரே இரைப்பைதான். அதுவும் உடம்பின் அளவுக்கு மிகச் சிறியது. சுமார் 8 முதல் 15 லிட்டர் வரைதான் கொள்ளும். 400 கிலோ எடையுள்ள பிராணிக்கு இது ஒரு வாளி அளவு. ஒரே தடவையில் நிறையத் தின்னும்படி அது படைக்கப்படவில்லை. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேய்வதற்கே படைக்கப்பட்டிருக்கிறது. மேய்ச்சலில் விட்டால் ஒரு நாளில் 16 மணி நேரம் வரை மேயும்.

இரைப்பையின் வாயில் உள்ள தசை மிக இறுக்கமானது. உள்ளே போனது மேலே வராது. மனிதனோ நாயோ ஒவ்வாததைத் தின்றால் வாந்தி எடுத்துத் தப்பிக்கலாம். குதிரைக்கு அந்த வழி இல்லை. தின்றது உள்ளே பொங்கினால் வயிறு உப்பி, கிழிந்து போகவும் கூடும்.

இரைப்பைக்கும் சிறுகுடலுக்கும் பிறகு பெருங்குடல் பகுதி வருகிறது. அதன் தொடக்கத்தில் சுமார் 30 லிட்டர் கொள்ளும் பெரிய பை ஒன்று இருக்கிறது. அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. புல்லிலும் வைக்கோலிலும் உள்ள நாரைப் புளிக்கவைத்துக் குதிரைக்குத் தெம்பாக மாற்றிக் கொடுப்பவை அவைதான். சர்க்கரையும் மாவும் அளவோடு வந்தால் சிறுகுடலிலேயே செரித்துவிடும். அளவுக்கு மீறி வந்தால் மிச்சம் அந்தப் பைக்குள் போய்ச் சேரும். நார் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடிய, அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பெருகும். வாயு நிறையும். இதிலிருந்து இரண்டு கேடுகள் வருகின்றன.

ஒன்று, கோலிக் என்று மருத்துவர்கள் சொல்லும் கடும் வயிற்றுவலி. குதிரைகள் சாவதற்கு முக்கியக் காரணங்களில் இது ஒன்று.

மற்றது, லேமினைடிஸ் என்ற குளம்பு அழற்சி. குளம்பையும் அதனுள் இருக்கும் எலும்பையும் பிணைத்து வைத்திருக்கும் மென்மையான திசு வீங்கிவிடுகிறது. தின்ற அன்றே இது தெரியாது. ஓரிரு நாள் கழித்து வெளிப்படும். முற்றிவிட்டால் குதிரை ஆயுள் முழுக்க நொண்டும். "மூணு நாளைக்குக் குளம்பைப் பாருங்க" என்று மருத்துவர் சொன்னது இதற்காகத்தான். வயிற்றில் போட்ட பழம் காலில் வந்து நிற்கும் என்று எங்களில் யாருக்குத் தெரியும்?

"ஒன்றுதானே கொடுத்தேன்!"

பழமே ஆகாது என்று இதற்குப் பொருளில்லை. ஆரோக்கியமான குதிரைக்கு ஒரு துண்டு ஆப்பிளோ வாழைப்பழமோ தீங்கு செய்யாது. அளவுதான் கேள்வி.

400 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்கு, ஈரம் நீங்கிய கணக்கில், 6 முதல் 8 கிலோ தீவனம் வேண்டும். அதில் பெரும்பங்கு புல்லும் உலர்புல்லுமாக இருக்க வேண்டும். உழைக்கும் குதிரைக்கு அதோடு கொள்ளு, தவிடு போன்றவற்றை உரிமையாளர் அளந்து வைப்பார். பழம் தீவனத்தில் சேராது. நமக்குப் பெருநாள் இனிப்பு எப்படியோ, குதிரைக்குப் பழம் அப்படி. ஒரு நாளைக்கு மொத்தமாக ஒன்று அல்லது இரண்டு பழம், அதுவும் துண்டுகளாக. அதற்கு மேல் வேண்டாம்.

இங்கே "மொத்தமாக" என்ற சொல்லைக் கவனியுங்கள். சுற்றுலா இடத்தில் நிற்கும் ஒரு குதிரையை நினைத்துப் பாருங்கள். விடுமுறை நாளில் 40 குடும்பங்கள் அதன் முன்னால் வந்து போகின்றன. ஒவ்வொரு குடும்பமும் ஒரே ஒரு வாழைப்பழம் கொடுக்கிறது. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 14 கிராம் சர்க்கரை இருக்கிறது. 40 பழம் என்றால் 560 கிராம். அரைக் கிலோவுக்கு மேல் சர்க்கரையை ஒரே நாளில் அந்தக் குதிரைக்கு ஊட்டிவிட்டோம். ஆனால் 40 பேரில் ஒவ்வொருவரும் "நான் ஒன்றுதானே கொடுத்தேன்" என்றுதான் சொல்வார். அவர் சொல்வது பொய்யும் இல்லை.

அதனால்தான் உரிமையாளரிடம் கேட்பது முதல் கடமையாகிறது. இன்று அந்தக் குதிரை எத்தனை பழம் தின்றிருக்கிறது, அதற்கு என்ன நோய் இருக்கிறது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். பிறர் உடைமையில் அவர் அனுமதியின்றிக் கைவைக்கலாகாது என்பதும் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டிய ஒழுக்கமே. எங்கள் இளைஞர்கள் அன்று உரிமையாளர் வரும்வரை காத்திருந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால், இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

எந்தப் பழம், எப்படி?

உரிமையாளர் சரி என்று சொன்ன பிறகு, கீழ்க்கண்ட முறையில் கொடுக்கலாம்.

*ஆப்பிள்:* நடுத்தண்டையும் விதையையும் எடுத்துவிட்டு நீளவாக்கில் துண்டு போடுங்கள். முழு ஆப்பிளைக் கொடுக்காதீர்கள். சிறிய ஆப்பிளை மெல்லாமல் விழுங்கிவிட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

*காரட்:* பழம் இல்லை என்றாலும் எல்லோரும் கொடுப்பது இது. சாம்பாருக்கு நறுக்குவது போல வட்ட வட்டமாக நறுக்காதீர்கள். வட்டத் துண்டு தொண்டையில் மூடிபோல் உட்கார்ந்துவிடும். விரல்போல் நீளமாக நறுக்க வேண்டும்.

*வாழைப்பழம்:* மென்மையானது என்பதால் பல் தேய்ந்த கிழக் குதிரைக்கும் தின்ன எளிது. நன்றாகக் கழுவியிருந்தால் தோலோடும் கொடுக்கலாம். சர்க்கரை அதிகம் என்பதால் ஒன்று போதும்.

*தர்பூசணி:* பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். வெயில் காலத்துக்கு ஏற்றது. தோலையும் குதிரை விரும்பித் தின்னும். ஆனால் பெரிய கீற்றாகப் போடாமல் சிறு துண்டுகளாக்கிப் போட வேண்டும்.

*மாம்பழம்:* கொட்டையை நீக்கிச் சதையை மட்டும், ஓரிரு துண்டு. மாங்கொட்டையைக் குதிரை முன் போடவே கூடாது. அடைப்பு ஏற்பட அது ஒன்றே போதும்.

*பேரிக்காய்:* ஆப்பிளைப் போலவே விதை நீக்கி, நீளத் துண்டாக.

*ஆரஞ்சு:* தோலுரித்து, விதை எடுத்து, இரண்டு மூன்று சுளை.

*திராட்சை:* நன்றாகக் கழுவி, நாலைந்து பழம். கொத்தாகக் கொடுக்க வேண்டாம்.

*பேரீச்சம்பழம்:* அரபு நாட்டுப் பாலைவன மக்கள் தங்கள் குதிரைகளுக்குப் பேரீச்சை கொடுத்து வளர்த்தார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். அது உண்மைதான். ஆனால் அது பச்சைப் புல் கிடைக்காத இடத்தில், நெடுந்தூரம் ஓடி உழைத்த குதிரைக்குக் கிடைத்த உணவு. பேரீச்சையின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை. லாயத்தில் கட்டியிருக்கும் குதிரைக்குக் கொட்டை நீக்கி ஒன்றிரண்டு கொடுத்தால் போதும். நாங்கள் அன்று கொடுத்தது கிலோ கணக்கில்.

எந்தப் பழமானாலும் கழுவிக் கொடுங்கள். பூசணம் பிடித்தது, புளித்தது, அழுகியது எதுவும் கூடாது. "நாம தின்ன முடியாது, குதிரைக்குப் போடலாம்" என்று எடுத்து வைப்பதுதான் பெரிய ஆபத்து. வாந்தி எடுக்கத் தெரிந்த நமக்கே ஆகாதது, வாந்தி எடுக்க முடியாத பிராணிக்கு எப்படி ஆகும்? பாலித்தீன் பையோடு வைத்துவிட்டு வருவதும் வேண்டாம். பழத்தின் வாசனைக்குப் பையையும் சேர்த்துத் தின்றுவிடக்கூடும்.

கொடுக்கவே கூடாதவை

1. அவகேடோ என்ற வெண்ணெய்ப் பழம். பழனி மலைப் பகுதியில் விளைவது. கடைகளில் பட்டர் ஃப்ரூட் என்று விற்கிறார்கள். நமக்குச் சத்தான இந்தப் பழம் குதிரைக்கு நஞ்சு. இலை, பட்டை, தோல், கொட்டை எல்லாமே ஆபத்து. தலையும் கழுத்தும் வீங்கலாம். இதயத் தசை பாதிக்கப்படலாம். கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் வழியில் வாங்கிய பழத்தை ஏரிக்கரைக் குதிரைக்கு நீட்டிவிடக் கூடாது.

2. பிளம்ஸ், பீச் போன்ற பழங்களின் கொட்டை. இவையும் மலைப் பகுதியில் மலிவாகக் கிடைப்பவை. கொட்டை தொண்டையை அடைக்கும். உடைந்தால் உள்ளிருக்கும் பருப்பில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது.

3. வெங்காயம், பூண்டு. இரத்தத்தின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. முட்டைக்கோஸ், காலிஃபிளவர் வாயுவை உண்டாக்குபவை. உருளைக்கிழங்கும், தக்காளிச் செடியின் பச்சைப் பகுதிகளும் ஆகாதவை. வீட்டுக் காய்கறிக் கழிவை அப்படியே கொண்டுபோய்ப் போடக்கூடாது என்பது இதனால்தான்.

4. பிரியாணி, சோறு, ரொட்டி, பன், பிஸ்கட், அல்வா, லட்டு, சாக்லேட். வலீமா விருந்தில் மிஞ்சியதைக் குதிரைக்கு வைப்பது சில இடங்களில் வழக்கமாக இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

5. அரளிப்பூ. இது பழமல்ல. ஆனாலும் சொல்லியாக வேண்டும். ஊர்வலக் குதிரைக்கு மாலை போடும்போது அதில் அரளி இருக்கிறதா என்று பாருங்கள். அரளியின் பூவும் இலையும் இதயத்தைத் தாக்கும் கடும் நஞ்சு. கொஞ்சம் தின்றாலே உயிர் போகலாம். ஊர்வலம் முடிந்ததும் எந்த மாலையானாலும் கழற்றி, குதிரைக்கு எட்டாத இடத்தில் போட்டுவிடுங்கள்.

பிள்ளைகள் கையால் கொடுக்கும்போது

குதிரையின் கண்கள் தலையின் இருபக்கமும் இருக்கின்றன. அதனால் சுற்றிலும் வெகுதூரம் பார்க்கும். ஆனால் தன் மூக்குக்கு நேர் கீழே இருப்பதும், நேர் பின்னால் இருப்பதும் அதற்குத் தெரியாது. உங்கள் பிள்ளை நீட்டும் துண்டை அது கண்ணால் பார்த்து எடுப்பதில்லை. உதட்டாலும் மீசைமுடியாலும் தடவித்தான் எடுக்கிறது. விரலுக்கும் காரட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் கடித்துவிட்டால் அது குதிரையின் குற்றமாகாது.

ஆகவே பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லிக் கொடுங்கள்:

முதலில் உரிமையாளரிடம் கேள். "மாமா, கொடுக்கலாமா?" என்ற ஒரு வார்த்தை. வேண்டாம் என்றால் வற்புறுத்தாதே.

பின்பக்கமாகப் போகாதே. ஓடாதே, கத்தாதே. குதிரை பார்க்கும்படி பக்கவாட்டில் இருந்து மெதுவாக வா.

உள்ளங்கையைத் தட்டுப்போல் விரித்து வை. விரல்கள் ஒட்டி இருக்கட்டும். கட்டை விரலும் உள்ளங்கையோடு ஒட்டியிருக்க வேண்டும். விரல் நுனியால் பிடித்து நீட்டாதே. துண்டை உள்ளங்கையின் நடுவில் வை.

குதிரை வாய் வைத்ததும் பயந்து கையை இழுக்காதே. இழுத்தால் அது கடிக்கத் தாவும்.

பயமாக இருந்தால் தட்டிலோ வாளியிலோ போட்டு வை. உண்மையில் இதுவே சிறந்த முறை. எப்போதும் கையால் ஊட்டிப் பழகிய குதிரை, வருகிறவர் கையையெல்லாம் முகர்ந்து கடிக்கத் தொடங்கிவிடும். கடிக்கிற குதிரையை யார் ஊர்வலத்துக்குக் கூப்பிடுவார்கள்? அதிலும் உரிமையாளரின் பிழைப்புதான் போகிறது.

எந்தக் குதிரைக்குப் பழமே வேண்டாம்?

முன்பு குளம்பு அழற்சி வந்த குதிரை, மிகவும் கொழுத்த குதிரை, குட்டை இனக் குதிரைகளில் உடல் பருத்தவை, இரத்தத்தில் இன்சுலின் கோளாறு என்று மருத்துவர் சொன்ன குதிரை ஆகியவற்றுக்கு ஒரு துண்டு பழமும் வேண்டாம். காரட்டும் வெல்லமும் கரும்பும் அதே கணக்குத்தான். கிழக் குதிரைக்குப் பல் தேய்ந்திருந்தால், கெட்டியான எதையும் துருவியோ மசித்தோதான் கொடுக்க வேண்டும். வேலை முடிந்து மூச்சிரைத்து நிற்கும் குதிரைக்கும் உடனே எதையும் ஊட்டாதீர்கள். மூச்சு அடங்கட்டும்.

ஆபத்தின் அடையாளங்கள்

குதிரை வைத்திருக்கும் சகோதரர்கள் இந்தப் பகுதியை வெட்டி லாயத்தில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

*தொண்டை அடைப்பு:* கழுத்தை நீட்டி நீட்டி விழுங்கப் பார்க்கும். இருமும். மூக்கு வழியாக எச்சிலும் தின்ற துணுக்குகளும் ஒழுகும். மூச்சு வரும், ஆனால் தீவனம் இறங்காது. உடனே தீவனத்தையும் தண்ணீரையும் அப்புறப்படுத்துங்கள். எண்ணெயோ தண்ணீரோ வாயில் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும். குச்சியோ குழாயோ விட்டுத் தள்ளாதீர்கள். தலை தாழ்ந்திருக்கும்படி அமைதியாக நிறுத்தி மருத்துவரை அழையுங்கள்.

*வயிற்றுவலி:* முன்னங்காலால் தரையைப் பறிப்பது, வயிற்றைத் திரும்பிப் பார்ப்பது, வயிற்றை உதைப்பது, படுத்து எழுந்து உருள்வது, வியர்ப்பது, தீவனத்தைத் தொடாமை, சாணம் போடாமை. தீவனத்தை எடுத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள். அவர் வரும்வரை மெதுவாக நடத்தலாம். களைப்படையும்வரை நடத்தக் கூடாது. உருளும் குதிரையின் அருகே போகாதீர்கள். கைவைத்தியம் வேண்டாம். சாதாரண வலியா, குடல் முறுக்கா என்று வெளியிலிருந்து பார்த்து நம்மால் சொல்ல முடியாது.

*குளம்பு அழற்சி:* நடக்கத் தயங்கும். முன்னங்கால்களை முன்னே நீட்டி, எடையைப் பின்னங்கால்களில் சாய்த்து நிற்கும். குளம்பைத் தொட்டால் சூடாக இருக்கும். அளவுக்கு மீறித் தின்ற நாளிலிருந்து மூன்று நாட்கள் காலையும் மாலையும் பாருங்கள்.

அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையின் எண்ணைக் கைபேசியில் இப்போதே பதிந்து வையுங்கள். கால்நடை ஆம்புலன்ஸ் சேவையின் எண் 1962. சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. மருத்துவர் கேட்டால் என்ன தின்றது, எவ்வளவு, எப்போது என்று மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் இளைஞர்கள் அன்று வெட்கப்படாமல் போய் "நாங்கதான் கொடுத்தோம், இரண்டு வாளி" என்று சொன்னதால்தான் சிகிச்சை தாமதமாகவில்லை என்று மருத்துவர் சொன்னார்.

நம் வரலாற்றிலும் ஒரு பாடம்

13ஆம் நூற்றாண்டின் இறுதியில், பாண்டியர் ஆட்சியில், காயல் துறைமுகத்தில் அரபு, பாரசீகக் குதிரைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கின. கீஷ் தீவின் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1400 குதிரைகள் அனுப்ப உடன்பாடு இருந்தது என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியிருக்கிறார். அவருடைய சகோதரர் தகியுத்தீன் பாண்டிய மன்னருக்கு அமைச்சராக இருந்தார். நம் முன்னோர்களின் கடல் வாணிபப் பெருமையைப் பேசும்போது இதை நாம் மறக்காமல் சொல்கிறோம்.

ஆனால் இறங்கிய குதிரைகள் என்னவாயின? பெரும்பாலானவை வெகுநாள் உயிரோடு இருக்கவில்லை. அதே காலத்தில் இங்கு வந்த மார்கோ போலோ, குதிரைகளைப் பேணத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை என்றும், வேகவைத்த சோற்றையும் இறைச்சியையும் அவற்றுக்குத் தீவனமாகக் கொடுத்தார்கள் என்றும், அதனாலேயே அவை மடிந்தன என்றும் எழுதினார். பொன் கொடுத்து வாங்கிய குதிரைக்கு, தாங்கள் உண்ணும் உயர்ந்த உணவையே கொடுத்திருக்கிறார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு கொடுக்கவில்லை. எங்கள் இரண்டு வாளிப் பழமும் அந்த வகைதான்.

"கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்" என்று குதிரையைச் சொல்வார்கள். நீட்டியதற்கெல்லாம் அது வாயைத் திறக்கத்தான் செய்யும். ஆசையோடு தின்கிறது என்பதால் அதற்கு ஆகும் என்று முடிவு செய்யக் கூடாது. சர்க்கரை நோயுள்ள அத்தாவுக்கு அவர் கேட்கிறார் என்பதற்காக நாம் ஜிலேபியை வாங்கிக் கொடுப்போமா?

அப்படியானால் என்ன கொடுக்கலாம்?

அந்தச் சகோதரரிடமே கேட்டோம். "உங்க குதிரைக்கு ஏதாவது செய்யணும்னு இருக்கு பாய், என்ன செய்யட்டும்?" என்றோம். அவர் சிரித்துக்கொண்டே சொன்ன பதில்: "பழம் வேணாம். கோடையில புல்லு விலை ஏறிடும், அப்ப நாலு கட்டு புல்லு வாங்கிக் கொடுங்க. லாடம் அடிக்கிற கூலிக்கு உதவி பண்ணுங்க."

குளம்பு வளர்ந்துகொண்டே இருப்பதால் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, குளம்பைச் செதுக்கி, மறுபடி அடிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கூலி இந்தக் குடும்பங்களுக்குப் பெரிய செலவு. இப்போது வெயில் மாதங்களில் நம் பகுதியில் குதிரை வைத்திருப்பவர்களுக்குப் புல்லும் லாடக் கூலியும் கொடுக்க, பொறுப்பாளர்கள் தனியே ஒரு சிறு தொகை ஒதுக்கி வருகிறோம். நிழலும், சுத்தமான தண்ணீரும், உப்புக் கட்டியும் வைக்க உதவுவதும் நல்ல காரியமே. வியர்வை சிந்தி உழைக்கும் குதிரைக்கு உப்பு அவசியம்.

இஃப்தார் பழங்களைப் பொறுத்தவரை, அடுத்த ஆண்டிலிருந்து அளவைக் குறைத்து வாங்கினோம். நறுக்காமல் முழுதாக வைத்து, தேவைக்கேற்ப நறுக்கினோம். மிஞ்சினால் அன்றிரவே வீடுகளுக்குப் போய்விடுகிறது. வீண்விரயத்தைக் குதிரையின் வயிற்றில் கொட்டி மறைப்பதைவிட, வீண்விரயம் வராமல் பார்த்துக்கொள்வதே சரி என்று புரிந்துகொண்டோம்.

வீட்டில் பிள்ளைகளோடு பேச

1. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் நாம் எதில் கவனமாக இருக்க வேண்டும்?
2. காரட்டை ஏன் வட்டமாக நறுக்கக் கூடாது?
3. "நான் ஒன்றுதானே கொடுத்தேன்" என்று 40 பேர் சொன்னால் குதிரைக்கு என்ன ஆகும்?
4. பழம் கொடுக்கும் முன் யாரிடம் கேட்க வேண்டும்? ஏன்?
5. பழத்துக்குப் பதிலாக நம் குடும்பம் ஒரு குதிரைக்கு என்ன உதவி செய்யலாம்?

நபி (ஸல்) அவர்கள் தம் குதிரையின் முகத்தைத் தம் மேலாடையால் துடைத்துவிட்டார்கள் என்று ஹதீஸில் வருகிறது. குதிரையின் மீது அன்பு காட்டுவது நமக்குப் புதிதல்ல. வாயில்லா ஜீவன்கள் நம்மிடம் உள்ள அமானிதம். அவற்றுக்கு எது ஆகும், எது ஆகாது என்று கேட்டறிந்து கொடுப்பதும் அந்த அமானிதத்தைப் பேணுவதில் சேரும்.

அந்தக் குதிரை இப்போது நலமாக இருக்கிறது. போன மாதம் நம் தெருவில் நடந்த ஒரு நிக்காஹ் ஊர்வலத்தில் மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டு வந்தது. அன்று வாளி தூக்கிய இளைஞர்களில் ஒருவர் அதன் அருகில் நடந்து வந்தார். கூட்டத்தில் ஒரு சிறுவன் லட்டை நீட்டியபோது அவர்தான் குனிந்து, "கேட்டுட்டுக் கொடுக்கணும் தம்பி" என்று சொல்லி அவன் கையை மெல்ல இறக்கினார். அல்ஹம்துலில்லாஹ்.